நடையில் அறுபடாத வைஃபை

வைஃபை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நர்ஸ் செல்போனில் பேசிக்கொண்டே நடக்கிறார். பின்னால் இருக்கும் ஆக்சஸ் பாயிண்டின் (ஏ.பி.) சிக்னல் இறங்குகிறது, முன்னால் இருப்பதன் சிக்னல் ஏறுகிறது. இதை விட்டு அதற்கு மாறலாம் என்று முடிவெடுப்பது யார்? பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கன்ட்ரோலர் சார்." ஏ.பி.களை எல்லாம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் பெட்டியைச் சொல்கிறார்கள். சிலர் ஏ.பி. என்பார்கள். செல்போன் என்று சொல்பவர் அபூர்வம்.

செல்போன்தான் முடிவெடுக்கிறது. இதை மனதில் வாங்கிக்கொண்டவருக்கு இந்தத் தொழிலின் பாதி வசப்பட்டுவிடும் என்பது என் அனுபவம்.

குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. பேருந்தில் போகும்போது செல்போன் ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறுகிறதே, அங்கே முடிவெடுப்பது டவர் பக்கம். போன் தான் கேட்ட சிக்னல் அளவுகளை அனுப்பும், நெட்வொர்க் "இனி அங்கே போ" என்று உத்தரவிடும். வைஃபைக்கு அடித்தளமான 802.11 தரநிலை 1997இல் வந்தபோது வேறு வழியை எடுத்தது. மாறும்போது என்ன செய்தி அனுப்ப வேண்டும், அதற்கு ஏ.பி. என்ன பதில் தர வேண்டும் என்பதை அது எழுதி வைத்தது. எப்போது மாறுவது, எதற்கு மாறுவது என்பதைக் கருவியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. அந்த விருப்பத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் எழுதிக்கொண்டது. இன்று ஒரே வராந்தாவில், ஒரே வைஃபையில், ஒரு போன் சத்தமில்லாமல் மாறிப்போவதும் இன்னொன்று திணறுவதும் இதனால்தான்.

மாறும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் சிரமம் புரியும். கைக்குழந்தையை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும்போது ஒரு கணம் நான்கு கைகளும் பிள்ளையைப் பிடித்திருக்கும். சாதாரண வைஃபையில் அந்தக் கணம் கிடையாது. பழைய ஏ.பி.யை விட்ட பிறகுதான் புதியதைப் பிடிக்க முடியும். இடையில் விழும் இடைவெளியைச் சுருக்குவதுதான் எங்கள் வேலை.

பேச்சு, வைஃபையில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்டாகப் போகும். இடைவெளி 150 மில்லிசெகண்டுக்குள் முடிந்தால் பேசுபவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அரை செகண்ட் ஆனால் ஒரு சொல் விழுங்கப்படும். "பத்து மில்லி" என்றதில் "பத்து" காணாமல் போகலாம். வார்டில் இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு மூன்று செகண்ட் ஆனால் நர்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்ப்பார். அப்போதுதான் எங்களுக்கு அழைப்பு வரும்.

இந்த நேரத்தில் பெரும்பங்கைத் தேடல் தின்கிறது. கருவிக்கு அடுத்த ஏ.பி. எந்தச் சேனலில் இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு ஏ.பி.யும் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று பீக்கன் என்ற அறிவிப்பை விடும். அதைக் கேட்கக் கருவி தன் சேனலை விட்டுப் போயாக வேண்டும். போவதற்கு முன் தன் ஏ.பி.யிடம் "தூங்கப் போகிறேன்" என்று ஒரு குறிப்பை அனுப்பும். ஏ.பி. அதை நம்பி, வரும் பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கருவி தூங்குவதில்லை. அந்தச் சில்லறை நேரத்தில் வேறு சேனலுக்கு ஓடி, யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. பாக்கெட் கேப்சரில் இதை முதன்முறை பார்க்கும் எவரும் சற்று நேரம் திரையை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார்கள். இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இத்தனை சாமர்த்தியம்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். தேடல் சீக்கிரம் முடியும், ஆனால் நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸில் இந்திய அரசு 2018 அக்டோபரில் கூடுதல் அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் திறந்துவிட்டது. இப்போது அங்கே 20க்கும் மேற்பட்ட சேனல்கள் கிடைக்கின்றன. நெரிசலுக்கு இது வரம். ஏ.பி. விட்டு ஏ.பி. மாறும் ரோமிங்குக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ரேடாரும் பயன்படுத்தும் சேனல்களில் கருவி தானாக முந்திக் குரல் கொடுக்கக் கூடாது, பீக்கன் காதில் விழும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு சேனலுக்குச் சுமார் 100 மில்லிசெகண்ட் என்றால், எல்லாவற்றையும் சுற்றி வருவதற்குள் இரண்டு செகண்ட் போய்விடும். கிடைக்கிறதே என்று அத்தனை சேனலையும் திறந்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. கட்டடத்துக்கு எத்தனை போதுமோ அத்தனை போதும். குரல் அழைப்பு நடக்கும் இடங்களில் ரேடார் இல்லாத சேனல்களைத்தான் முதலில் நிரப்புவேன்.

அடுத்து நேரம் தின்பது, பேச்சைப் பூட்டி அனுப்பும் ரகசியச் சாவி. வீட்டில் ஒரே பாஸ்வேர்டு என்பதால் நான்கு செய்திகளில் சாவிப் பரிமாற்றம் முடிந்துவிடும். பெரிய நிறுவனங்களில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, அதைச் சரிபார்க்க ரேடியஸ் சர்வர். அந்த சர்வர் பல சமயம் வேறு ஊரில், தலைமை அலுவலகத்தில் இருக்கும். ஒவ்வொரு முறை ஏ.பி. மாறும்போதும் பல செய்திகள் அதுவரை போய்த் திரும்ப வேண்டும் என்றால் பேச்சு தாங்காது. இதற்கென்றே 2008இல் 802.11ஆர் வந்தது. முதல் ஏ.பி.யில் ஒருமுறை சரிபார்த்து உண்டான சாவியிலிருந்து மற்ற ஏ.பி.களுக்கான சாவிகளைப் பிறப்பித்துக்கொள்ளலாம். நான்கே செய்திகளில், அதுவும் சர்வரை எட்டிப் பார்க்காமல், கருவி அடுத்த ஏ.பி.யில் ஏறிவிடும். அழகான வேலை. இதை யோசித்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே நான் இதை ஆன் செய்வேன்.

ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் இது ஒத்துவராது. பழைய பிரிண்டர்கள், பழைய ஹேண்ட்ஹெல்ட் ஸ்கேனர்கள் சில, இதை ஆன் செய்ததும் வைஃபைக்குள்ளேயே வராமல் நிற்கும். இன்னொரு தயக்கமும் தொழிலில் உலவுகிறது. 2017இல் பெல்ஜிய ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப் 'கிராக்' என்ற பாதுகாப்புக் குறையை வெளியிட்டார். அதில் பெரும்பகுதி கருவிகளின் பக்கம் இருந்தது. ஏ.பி.களின் பக்கம் இருந்த முக்கியமான ஓட்டை இந்த 802.11ஆரில்தான். திருத்தம் உடனேயே வந்துவிட்டது. ஆனால் அன்று பயந்து இதை அணைத்தவர்களில் சிலர் இன்னும் அணைத்தே வைத்திருக்கிறார்கள். ஏ.பி.யின் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு ஆன் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

கூடப் பிறந்தவை இன்னும் இரண்டு உண்டு. 2008இன் 802.11கே, அக்கம்பக்கத்து ஏ.பி.களின் பட்டியலைக் கருவிக்குக் கொடுக்கும். எல்லாச் சேனல்களையும் துழாவாமல் பட்டியலில் உள்ள மூன்று நான்கை மட்டும் கேட்டால் போதும். 2011இன் 802.11வி, "அந்த ஏ.பி. உனக்கு நல்லது" என்று யோசனை சொல்லும். யோசனை மட்டும்தான். கருவி மறுக்கலாம், பல கருவிகள் மறுக்கவும் செய்கின்றன. முடிவு கருவியின் கையில் என்ற 1997இன் ஏற்பாடு இதிலும் மாறவில்லை.

அந்த ஏற்பாட்டையே புரட்டிப் போட ஒரு துணிச்சலான முயற்சி நடந்திருக்கிறது. வடுவூர் பார்கவன், கம்பியில்லா வலையில் யார் எப்போது பேசுவது என்பது பற்றி 1994இல் மூவரோடு சேர்ந்து எழுதிய 'மக்கா' ஆய்வுக்கட்டுரைக்காக அறியப்பட்டவர். அவரை நிறுவனர்களில் ஒருவராகக் கொண்டு 2002இல் மெரு நெட்வொர்க்ஸ் தொடங்கியது. அவர்கள் கட்டடத்து ஏ.பி.கள் அத்தனையையும் ஒரே சேனலில், ஒரே முகவரியில் வைத்தார்கள். கருவியின் கண்ணுக்குக் கட்டடம் முழுவதும் ஒரே ஏ.பி. மாறுவதற்கு எதுவும் இல்லாததால் கருவி மாறுவதில்லை. எந்தப் பெட்டி பதில் சொல்ல வேண்டும் என்பதை கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். நடந்துகொண்டே பேசுபவர்களுக்கு அது நன்றாக உழைத்தது. எல்லோரும் ஒரே சேனலின் நேரத்தைப் பங்கு போட வேண்டியிருந்ததுதான் அதன் விலை. கூட்டம் பெருகிய இடங்களில் அந்த விலை கனத்தது. 2015இல் ஃபோர்டிநெட் அந்தக் கம்பெனியை வாங்கியது. எங்களில் பெரும்பாலோர் பல சேனல், தனித்தனி ஏ.பி., முடிவு கருவிக்கு என்ற பழைய பாதையிலேயே தொடர்கிறோம்.

ஆகவே எங்களால் கருவிக்கு உத்தரவிட முடியாது. சரியான முடிவை அது சுலபமாக எடுக்கும்படி சூழ்நிலையை அமைக்க மட்டுமே முடியும். இந்த வேலையில் என்னைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான்.

கருவி எப்போது மாற நினைக்கும் என்பதை ஆப்பிள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டி.பி.எம்.முக்குக் கீழே இறங்கும்வரை இருக்கும் இடத்திலேயே இருக்கும் (இந்த அளவு பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம் அதிகம்). இறங்கிய பிறகும், டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் 8 டி.பி. கூடுதலாகக் கேட்கும் ஏ.பி. கிடைத்தால்தான் மாறும். சும்மா இருந்தால் 12 டி.பி. வேண்டும். மேக் மடிக்கணினி இன்னும் பொறுமைசாலி, மைனஸ் 75 வரை காத்திருக்கும். விண்டோஸ் மடிக்கணினிகளில் உள்ள இன்டெல் கார்டுகளில் இந்தத் துடிப்பை ஐந்து படிகளில் கூட்டிக் குறைக்கலாம்.

இந்த எண்களைத் தரையில் வைத்துப் பாருங்கள். நர்ஸின் ஐபோன் மைனஸ் 71இல் இருக்கிறது. அது மாற வேண்டுமென்றால் அடுத்த ஏ.பி. அதே இடத்தில் மைனஸ் 63ஆவது கேட்க வேண்டும். அடுத்தது மைனஸ் 66 என்றால், நம் கண்ணுக்கு அது நல்ல சிக்னல், போனுக்கு அது போதாது. பழையதையே பிடித்துக்கொண்டு தேயும். இதைத்தான் 'ஸ்டிக்கி கிளையன்ட்' என்கிறார்கள். கருவியின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அது தனக்குச் சொன்னதைச் செய்கிறது.

இங்கேதான் பவர் பற்றிய பேச்சு வருகிறது. "வைஃபை சரியில்லை, பவரை ஏற்றுங்கள்" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நான் பெரும்பாலும் இறக்குவேன். கூரையில் இருக்கும் ஏ.பி. 23 டி.பி.எம்.மில் கத்தினால் அது 200 மில்லிவாட். செல்போன் சுமார் 15 டி.பி.எம்.மில் பேசினால் அது 32 மில்லிவாட். ஏ.பி. பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது ஏ.பி.க்குக் கேட்காது. திரையில் கோடுகள் நிறைய இருக்கும், எதிர்முனைக்குக் குரல் போகாது. அதைவிடக் கேடு ஒன்று உண்டு. தூரத்து ஏ.பி.யும் பலமாகக் கேட்பதால் போன் அந்த மைனஸ் 70ஐத் தொடவே தொடாது. பக்கத்தில், தலைக்கு மேலேயே ஒரு ஏ.பி. இருக்க, இரண்டு வார்டு தள்ளி இருப்பதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஏ.பி.யின் பவர் கருவியின் பவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு ஏ.பி.யின் எல்லையும் கருவிக்குத் தெளிவாகத் தெரியும்.

வேகத்திலும் இதே கணக்குதான். 1, 2, 5.5, 11 எம்.பி.பி.எஸ். என்ற பழைய வேகங்கள் இன்னும் பல இடங்களில் திறந்தே கிடக்கின்றன. தூரத்தில் தேய்ந்துபோன கருவி அந்த ஆமை வேகத்தைப் பிடித்துக்கொண்டு உயிரை ஓட்டும், அதோடு எல்லோருடைய நேரத்தையும் தின்னும். பீக்கன்களும் அந்த மெதுவான வேகத்திலேயே போகும். அவற்றை அணைத்து, குறைந்தபட்சம் 12 என்று வைத்தால் கருவிக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை. கிடங்கில் பழைய பார்கோடு ஸ்கேனர் ஏதும் அந்த வேகத்தை மட்டுமே நம்பி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனதும் கருவியை வலுக்கட்டாயமாக வெளியேற்றும் வசதி பல கன்ட்ரோலர்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேசிக்கொண்டிருப்பவரின் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் அழைப்பு அறும். சில கருவிகள் அப்படித் தள்ளிய நெட்வொர்க்கைக் கொஞ்ச நேரம் திரும்பியே பார்க்காது. வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும், பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியது அது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏ.பி.யை எங்கே மாட்டுவது என்பது. ஆஸ்பத்திரியோ ஹாஸ்டலோ, வராந்தாவில் வரிசையாக மாட்டிக்கொண்டே போவதுதான் பொதுவான பழக்கம். கேபிள் இழுக்க வசதி, அறைக்குள் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆனால் நீண்ட வராந்தா ஒரு குழாய். அதில் எல்லா ஏ.பி.களும் ஒன்றையொன்று நன்றாகக் கேட்கும், ஒரே சேனலில் இருப்பவை ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்கும். நடப்பவரின் போனுக்கு மூன்று நான்கு ஏ.பி.கள் ஒரே பலத்தில் தெரியும், 8 டி.பி. வித்தியாசம் வரவே வராது. அறைக்குள் திரும்பினால் எல்லாமே ஒரே சமயத்தில் படுத்துவிடும். அந்த ஏ.பி.களை எடுத்து அறைகளுக்குள் மாட்டுங்கள், வராந்தாவின் இருபுறமும் மாற்றி மாற்றி. செங்கல் சுவர் நமக்குப் பகை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ரோமிங்கில் சுவர் நம் பக்கம். எந்த ஏ.பி. யாருக்கு என்று கருவிக்குக் கோடு போட்டுக் காட்டுவது சுவர்தான்.

சுவர் ஏமாற்றும் இடங்களும் உண்டு. எக்ஸ்ரே அறையைச் சுற்றி ஈயத்தகடு. லிஃப்ட் ஓர் இரும்புப் பெட்டி. தீத்தடுப்புக் கதவு திறந்திருக்கும்போது ஒன்று, மூடியபின் வேறு. இங்கெல்லாம் சிக்னல் படிப்படியாக இறங்காது, சட்டென்று விழும். விழுந்த பிறகு தேட ஆரம்பித்தால் நேரம் கடந்துவிடும். அதனால் கதவைத் தாண்டுவதற்கு முன்பே அடுத்த பக்கத்து ஏ.பி. கொஞ்சமாவது கேட்கும்படி வைக்க வேண்டும். வராந்தா முக்கு திரும்பும் இடத்தில் இரண்டு பக்கத்துக்கும் கண் தெரியும் மூலையில் ஓர் ஏ.பி. இருந்தால் போன் அந்த இடத்தில் நிதானமாக மாறிக்கொள்ளும். நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வேலை முடிந்தபின் அப்படி ஒரு முக்கில் நின்று, பேசிக்கொண்டே போகிறவர்களைப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கிடங்குகள் வேறு விதம். காலிக் கிடங்கில் எடுத்த சர்வே, சரக்கு நிரம்பியதும் செல்லாது. தண்ணீர் பாட்டில்கள் அடுக்கிய ரேக், இரும்புச் சாமான் அடுக்கிய ரேக் இரண்டுமே சுவருக்குச் சமம். ஃபோர்க்லிஃப்ட் வண்டி, மனிதர் நடக்கும் வேகத்தில் போகாது. அதிலுள்ள டெர்மினலுக்குத் தேட அவகாசம் குறைவு. அங்கே ஏ.பி.களின் எல்லைகள் இன்னும் தாராளமாக ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும்.

குரல் அழைப்பு போகும் கட்டடத்தில் நான் வைத்திருக்கும் அளவு எளிமையானது. எங்கே நின்றாலும் ஓர் ஏ.பி. மைனஸ் 67இல் கேட்க வேண்டும். கடந்து போகும் இடங்களில் இரண்டாவது ஒன்றும் 70ஐ ஒட்டிக் கேட்க வேண்டும், நடப்பவர் முன்னேற முன்னேற அது வேகமாக ஏற வேண்டும். இதை லேப்டாப்பின் நல்ல ஆன்டெனாவை வைத்து அளந்தால் போதாது. அந்த நர்ஸ் கையில் வைத்திருக்கும் அதே மாடல் போனை, அவர் பிடிப்பது போலவே காதோடு சேர்த்துப் பிடித்து நடக்க வேண்டும். மனித உடம்பும் தண்ணீர்தான். தலையும் கையும் சிக்னலை நன்றாகவே குறைக்கும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி, அதே பெயரும் பாஸ்வேர்டும் வைத்துவிட்டு, மாடி ஏறும்போது அழைப்பு அறுகிறது என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு ரவுட்டரும் தனித்தனியாக ஐ.பி. முகவரி கொடுத்தால் கருவி மாறியதும் அதன் முகவரியே மாறிவிடும், ஓடிக்கொண்டிருந்த அழைப்புக்கு ஆள் அடையாளம் தெரியாது. இரண்டாவது பெட்டியை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போடுங்கள், முகவரி கொடுக்கும் அதன் டி.எச்.சி.பி.யை அணையுங்கள், முதல் பெட்டியிலிருந்து கேபிள் இழுங்கள், சேனலை வேறாக வையுங்கள். இரண்டின் பவரையும் பாதியாக்கிப் பாருங்கள். வேறு பெயரில் ஓடும் எக்ஸ்டென்டர் என்றால், பழைய பெயர் முழுதாகச் சாகும்வரை போன் பொதுவாக அதை விடாது.

வைஃபை 7 வந்துவிட்டது, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அலைவரிசைகளில் பேசுகிறது. ஆனால் அந்த இணைப்புகள் எல்லாம் ஒரே ஏ.பி.யோடுதான். அடுத்ததாகத் தயாராகும் 802.11பிஎன், ஏ.பி. மாறும்போது பாக்கெட் தொலைவதைக் குறைப்பதைத் தன் இலக்குகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். அது நம் கட்டடங்களுக்கு வந்து, நர்ஸின் கையில் உள்ள போனிலும் வந்து சேர வருடங்கள் ஆகும்.

அதுவரை உங்கள் ஆஸ்பத்திரிக்கோ காலேஜுக்கோ கிடங்குக்கோ யாராவது வைஃபை கொட்டேஷன் கொடுத்தால், எத்தனை ஏ.பி. என்று கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: எங்கள் ஆட்கள் நடக்கும் பாதையில், எங்கள் போனை வைத்து, பேசிக்கொண்டே நடந்து காட்டுவீர்களா? நடந்து காட்ட ஒப்புக்கொள்கிறவருக்கே வேலையைக் கொடுங்கள்.